சங்கின் முதுகில் ஒண்டுக் குடித்தனம்

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு சங்கு இருக்கலாம். இல்லாவிட்டால் வாசல் நிலையில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு வெள்ளியிலோ எவர்சில்வரிலோ செய்ததுதான். ஆனாலும் அதற்குப் பெயர் சங்கு. பிறந்தது முதல் கடைசி யாத்திரை வரையில் சங்கு இல்லாமல் நமக்கு ஒரு காரியமும் ஆவதில்லை.

அந்தச் சங்கு கடலிலிருந்து வெள்ளை வெளேரென்று, வழவழப்பாக வந்து விடவில்லை. தூத்துக்குடிக்கு அப்பால் மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் உயிரோடு ஊர்ந்து கொண்டிருந்தபோது அதன் மேல் பழுப்பு நிறத் தோல் ஒன்று மூடியிருந்தது. சில சங்குகளின் முதுகில் வேறொரு பிராணி ஏறி உட்கார்ந்து, வாடகை கொடுக்காமல் சவாரி செய்வதும் உண்டு. அதற்குக் கடல் பீச்சான் என்று பெயர். அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. கடல் பீச்சான்களின் வயிற்றுக்குள்ளே இன்னொரு குடும்பம் ஜாகை வைத்துக் கொள்வது உலகக் கடல்கள் எங்கும் நடக்கிற விஷயம்.

மனை, சங்கு. வீடு, கடல் பீச்சான். அதில் குடியிருப்பவள் - ஆம், முக்கியமாகப் பெண்தான் - ஓர் எள்ளளவே உள்ள துடுப்புக்காலி. இந்த ஒண்டுக் குடித்தனத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். குடிவந்த பிறகு அவளுடைய உடம்பு என்ன ஆகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

சத்திரத்து வரவு செலவு

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சற்று தூரத்தில், "சுங்குவார்சத்திரம் எல்லாம் இறங்குங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பெயரிலேயே சத்திரத்தை வைத்துக் கொண்டிருக்கும் ஊர். சத்திரம் என்றால் வழிப்போக்கர் மூட்டையை இறக்கி வைத்து, ஒரு வேளை சாப்பிட்டு, இரவு தலை சாய்த்து, விடிந்ததும் நடையைக் கட்டுகிற இடம். இன்று அந்த ஊரைச் சுற்றி ஒரகடம் வரையில் கைப்பேசியும், மின்னணுச் சாமான்களும், மோட்டார் உதிரிப் பாகங்களும் செய்கிற தொழிற்சாலைகள். எங்கெங்கோ இருந்து வந்த இளம் பெண்கள் விடுதிகளிலும் ஒற்றை அறைகளிலும் தங்கி, ஷிப்டு பஸ் ஏறி வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி உங்கள் மகளாகவோ, நாத்தனார் மகளாகவோ இருக்கக் கூடும்.

சொந்த இடத்தை விட்டு இன்னோரிடத்தில் ஒண்டுகிற எவருக்கும் ஒரு கணக்கு உண்டு. இங்கே எனக்குக் கிடைப்பது என்ன? இதற்காக நான் விட்டுக் கொடுப்பது என்ன? நமக்கு இந்தக் கணக்கு மனத்துக்குள் ஓடுகிறது. துடுப்புக்காலிக்கோ உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துக் கொண்டு தலையிலிருந்து வால் வரை பார்த்தால், வரவு எது செலவு எது என்று வரிவரியாகப் படித்து விடலாம்.

முதலில் வீட்டைப் பார்ப்போம்

வீடு பார்க்கப் போனால் நாம் முதலில் விசாரிப்பது தண்ணீர் வசதியைத்தானே? கடல் பீச்சான் வீட்டில் அதற்குக் குறையே இல்லை. வீடு முழுவதும் தண்ணீர்தான்.

பார்ப்பதற்கு அது ஒரு பெரிய உருளைக்கிழங்கைப் போல இருக்கும். பாறையிலோ, கப்பலின் அடியிலோ, சங்கின் மேலோ ஒட்டிக் கொண்டு, இருந்த இடத்தை விட்டு அசையாது. மேல் பக்கத்தில் இரண்டு குழாய் வாய்கள். ஒன்று தண்ணீரை உள்ளே இழுக்கும். மற்றது வெளியே விடும். கையால் அழுத்தினால் சட்டென்று நீரைப் பீச்சி அடிக்கும். பெயர்க் காரணம் புரிகிறதல்லவா?

அது போர்த்துக் கொண்டிருக்கும் தடித்த உறை இருக்கிறதே, அது வெகு விசித்திரம். அந்த உறையில் செல்லுலோஸ் இருக்கிறது. நாம் உடுத்தும் நூல் புடவையும், எழுதும் காகிதமும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே வகைப் பொருள். செடி கொடிகளுக்கு உரிய இந்தச் சரக்கைத் தாமே தயாரித்து உடுத்துக் கொள்ளும் பிராணிகள் இந்தக் கூட்டம் மட்டுமே.

உறையைத் தாண்டி வாய் வழியே உள்ளே போனால் ஒரு பெரிய கூடம். கூடத்தின் சுவர்களெல்லாம் சல்லடைக் கண்கள். ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதிலிருந்து பசை போன்ற மெல்லிய கோழை ஊறி, வலையாகப் படர்ந்து, சல்லடை முழுவதையும் மூடுகிறது. உள்ளே வரும் கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளும் உயிர்களும் அந்த வலையில் ஒட்டிக் கொள்கின்றன. தண்ணீர் வடிந்து மறு குழாய் வழியாக வெளியே போகிறது. வலை ஆகாரத்தோடு சுருண்டு, கயிறு போலாகி, இரைப்பைக்குப் போகிறது. மாவு சலிக்கும் வேலை இரவு பகலாக நடக்கிற வீடு அது!

கோழை சுரக்கும் அந்தப் பள்ளத்துக்கு இன்னொரு மகிமையும் உண்டு. அது கடல்நீரிலிருந்து அயோடினைப் பிடித்து வைக்கிறது. நம்முடைய கழுத்தில் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறதே, அதற்காகத்தானே அயோடின் கலந்த உப்பை வாங்குகிறோம்? அந்தச் சுரப்பியின் பூர்வீகம் இந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். கடல் பீச்சானின் இதயமும் வேடிக்கையானது. சிறிது நேரம் ஒரு திசையில் இரத்தத்தைத் தள்ளும். பிறகு நின்று, எதிர்த் திசையில் தள்ள ஆரம்பிக்கும்.

உருளைக்கிழங்குக்கும் நமக்கும் என்ன உறவு என்று சிரிக்க வேண்டாம். அதன் பால்யத்தைப் பாருங்கள். முட்டையிலிருந்து வரும்போது அது கிழங்கு அல்ல. தவளையின் தலைப்பிரட்டை மாதிரி, வாலை ஆட்டி நீந்தும் குஞ்சு. அந்த வாலுக்குள் முதுகு நாண் ஓடுகிறது. தாயின் கருவில் இருக்கும் மனிதக் குழந்தைக்கும் முதுகெலும்பு உருவாவதற்கு முன்னால் இதே முதுகு நாண்தான் உண்டாகிறது. நண்டையும் நத்தையையும் விடக் கடல் பீச்சான் நமக்கு நெருங்கிய சொந்தம் என்பதற்கு அதுவே சாட்சி. குஞ்சு சில மணி நேரந்தான் நீந்தும். பிறகு ஓர் இடத்தைப் பிடித்துத் தலையை ஒட்டிக் கொள்ளும். வால் கரையும், முதுகு நாண் கரையும், வழி காட்டிய புலன்களும் போய்விடும். மிச்சம் இருப்பது சல்லடையும் இரண்டு குழாய்களும்.

அதாவது, இந்த வீடே ஒரு காலத்தில் ஊர் சுற்றிய ஆசாமிதான். உட்கார இடம் கிடைத்ததும் காலையும் கண்ணையும் விலையாகக் கொடுத்து விட்டது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

முத்துத் தேடி வந்தவர்

கல்லூரியில் விலங்கியல் படித்த சகோதரிகளுக்கு 'ஹெர்ட்மேனியா' என்ற பெயர் உடனே ஞாபகம் வந்திருக்கும். நம் கடல்களில் சங்கின் மேல் ஏறிச் சவாரி செய்யும் கடல் பீச்சான் அதுதான். எஸ். எம். தாஸ் அதைத் துருவித் துருவி ஆராய்ந்து 1936-ல் ஒரு முழு நூலே எழுதினார். அதன் பிறகு இந்திய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் படத்தை நோட்டில் வரைந்து பாகம் குறித்தார்கள்.

அந்தப் பெயருக்கு உரியவர் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன். கடல் பீச்சான்களில் அவர் பெரிய நிபுணர். 1888-லேயே லாஹில் என்ற அறிஞர் ஒரு கடல் பீச்சான் வகைக்கு அவர் பெயரைச் சூட்டி விட்டார். 1902-ல் அவர் இலங்கைக்கு வந்தது முத்து விஷயமாக. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் சில வருஷங்கள் கொட்டிக் கிடப்பதும், பல வருஷங்கள் அடியோடு மறைந்து போவதும் ஏன் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் அவரை அழைத்தது. துணைக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இதே ஹார்னெல்தான் பிற்பாடு சென்னை மாகாண மீன்துறையில் இருந்து கொண்டு, 1914-ல் நம் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர்.

ஹெர்ட்மன் முத்துச் சிப்பியோடு நிற்கவில்லை. கடலடியிலிருந்து வலையில் வந்த அத்தனையையும் சேகரித்தார். 1903 முதல் 1906 வரையில் ஐந்து பெரும் பாகங்களாக அறிக்கை வெளியாயிற்று. கடல் பீச்சான்களைப் பற்றி அவரே எழுதினார். துடுப்புக்காலிகளைப் பற்றித் தாம்ஸன், ஆண்ட்ரூ ஸ்காட் என்ற இருவர் 1903-ல் எழுதினார்கள். முத்து உண்டாவதே சிப்பிக்குள் ஒண்ட வந்த ஒரு நாடாப்புழுக் குஞ்சினால்தான் என்பது ஹெர்ட்மனின் கட்சி. எல்லோரும் அதை ஒப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு பிராணியைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால் அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கே இருந்தது.

குடித்தனக்காரி யார்?

துடுப்புக்காலி என்பது ஒரே ஒரு பிராணியின் பெயர் அல்ல. இறால், நண்டு இவற்றின் சுற்றத்தில் சேர்ந்த ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். துடுப்புப் போடுவது போலக் கால்களை வீசி நீந்துவதால் அப்படிச் சொல்கிறோம். கடலில் இவை எண்ணிக்கையில் அடங்காதவை. மீன் குஞ்சுகளுக்குத் தாய்ப்பால் மாதிரி.

கடலுக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சுங்குவார்சத்திரத்தில் இதைப் பார்க்க முடியுமா என்று கேட்டால், ஒன்று விட்ட தங்கையைப் பார்க்கலாம். ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். துள்ளித் துள்ளிப் போகும் வெள்ளைப் புள்ளிகளில் சைக்ளாப்ஸ் இருக்கும். நெற்றியில் ஒரே ஒரு கண். பெண்ணாக இருந்தால் வாலின் இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள், காவடி கட்டினாற் போல.

இந்தச் சைக்ளாப்ஸுக்குள்ளும் ஒரு காலத்தில் ஒரு பொல்லாத விருந்தாளி இருந்தான். நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சு. குளத்துத் தண்ணீரை அப்படியே குடித்தவர்கள் உடம்பில் அது முழ நீளத்துக்கு மேல் வளர்ந்து, காலைப் பொத்துக் கொண்டு வெளியே வரும். தமிழ்நாடும் அந்த நோயால் அவதிப்பட்ட மாநிலங்களில் ஒன்று. குடிநீரைத் துணியால் வடிகட்டுவது, படிக்கிணறுகளை மாற்றிக் கட்டுவது போன்ற எளிய காரியங்களாலேயே அது ஒழிந்தது. கடைசி நோயாளி 1996-ல். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுதலை பெற்றதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. புடவைத் தலைப்பை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டிய பெண்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கடல் பீச்சானுக்குள் வாழும் துடுப்புக்காலி அப்படிப்பட்ட ஆபத்து எதையும் நமக்குக் கொண்டு வருவதில்லை. அயர்லாந்து தேசத்து ஆல்மன் என்பவர் ஒரு கடல் பீச்சானை அறுத்துப் பார்த்தபோது கூடத்துக்குள் இதைக் கண்டார். 1847-ல் அதற்கு 'நோட்டோடெல்ஃபிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் நோட்டான் என்றால் முதுகு. டெல்ஃபிஸ் என்றால் கருப்பை. முதுகில் கருப்பை உடையவள்! அந்தக் குடும்பம் முழுவதற்கும் இன்று அந்தப் பெயரே நிலைத்து விட்டது.

தலை முதல் வால் வரை

இப்போது பூதக்கண்ணாடியை எடுத்துக் கொள்வோம். நாம் பார்க்கப் போகிறவளுக்கு டோரோபைகஸ் ஸெக்ளூசஸ் என்று பெயர். 1958-ல் இல்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி வைத்தது. ஸெக்ளூசஸ் என்றால் கதவடைத்துத் தனித்திருப்பது என்று அர்த்தம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், ஹெர்ட்மேனியாவுக்குப் பங்காளியான ஒரு கடல் பீச்சானுக்குள் இவள் வசிக்கிறாள்.

கண்: போய்விடவில்லை. நெற்றி நடுவில் மூன்று பகுதிகள் சேர்ந்த ஒரே ஒரு சிறு கண். உருவங்களைப் பார்க்க முடியாது; வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவளுக்கு அது போதும்.

முதல் உணர்கொம்பு: கடலில் சுற்றும் உறவினர்கள் பலருக்கு இது உடம்பளவு நீளம். தண்ணீரில் அமிழ்ந்து போகாமல் தாங்கவும், அசைவை அறியவும் அவர்களுக்கு அது வேண்டும். இவளுக்குக் குட்டையாகி விட்டது. செலவுக் கணக்கில் முதல் வரி.

இரண்டாவது உணர்கொம்பு: இது கொம்பாகவே இல்லை, நுனியில் வளைந்த கொக்கியாகி விட்டது. சல்லடைச் சுவரின் மடிப்பில் மாட்டிக் கொள்ளத்தான். வீட்டுக்குள் எந்த நேரமும் நீரோட்டம் இருக்கிறதே. பிடி விட்டால் வெளிக்குழாய் வழியே கடலுக்குத் தள்ளப்பட்டு விடுவாள். இது வரவு.

வாய்: தாடைகளும் அவற்றைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு உறுப்புகளும் தூரிகை போல மயிர்களோடு அமைந்திருக்கின்றன. வலையில் சிக்கிய ஆகாரத்தில் தனக்கு வேண்டியதை எடுத்துக் கொள்ள அவை உதவும். வேட்டைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. பந்தி எப்போதும் விரித்தே இருக்கிறது.

கால்கள்: நான்கு ஜோடி. எண்ணிக்கையில் ஒன்றும் குறைவில்லை. ஆனால் அவை நல்ல துடுப்புகள் அல்ல. சுவரைப் பற்றித் தவழ்வதற்கு உதவும் கால்களாகி விட்டன. நீந்து என்று கடலில் விட்டால் இவள் திண்டாடிப் போவாள். பெயரோ துடுப்புக்காலி!

முதுகு: இங்கேதான் ஆல்மன் வியந்த அதிசயம். மார்புப் பகுதியின் பின்பக்கம் ஒரு பெரிய அறையாக உப்பியிருக்கிறது. அதற்குள் முட்டைகள் நெருக்கியடித்து நிற்கும். உடம்பின் பெரும்பகுதி அந்த அறைதான். ஏரியில் இருக்கும் தங்கை முட்டைப் பையை வெளியே தொங்கவிட்டுக் கொண்டு நீந்துகிறாள். இவள் உடம்புக்குள்ளேயே தொட்டிலைக் கட்டிக் கொண்டு விட்டாள். நீந்தத் தேவை இல்லாதபோது கனத்தைப் பற்றி என்ன கவலை? சல்லடையில் தேய்ந்து முட்டை சிதறிப் போகும் பயமும் இல்லை.

வால்: மெலிந்து, நினைத்தபடி வளையக் கூடியது. நுனியில் இரண்டு சிறு கிளைகள்.

ஆண்? அவன் சிறியவன். உடம்பு உப்புவதில்லை, கொஞ்சம் நீந்தவும் தெரியும். இதே குடும்பத்தில் பாக்கிபைகஸ் என்ற இனத்தில் இரண்டு விதமான ஆண்கள் இருக்கிறார்கள். ஒருவன் வீட்டோடு இருப்பவன், மற்றவன் வெளியே நீந்தித் திரிபவன். நம் வீடுகளில் இல்லாததா?

வசதி ஏற ஏற

கடல் பீச்சான்களுக்குள் குடியேறிய துடுப்புக்காலிகள் எல்லாம் ஒரே அளவுக்கு மாறியவை அல்ல. நோட்டோப்டெரோஃபோரஸ் என்பவளுக்கு முதுகில் சிறகு போன்ற மடல்கள் உண்டு. பறப்பதற்கல்ல, அவள் வசிப்பதும் கூடத்தில்தான்.

கூடத்தோடு நிற்காமல் இன்னும் உள்ளே, குடல் வரைக்கும் போய்விட்ட தாயாதிகளும் இருக்கிறார்கள். கூட்டமாக ஒட்டி வாழும் சிறிய கடல் பீச்சான்களுக்குள் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கால்கள் வெறும் முளைகள்; உடம்பு புழுவைப் போல நீண்டு விட்டது. எடுத்துக் காட்டினால் நண்டு இறால் வம்சம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். கூடத்தில் இருப்பவள் துடுப்பை இழந்தாள். குடலுக்குள் போனவள் காலையே இழந்தாள். பாதுகாப்பு ஏற ஏற, உபயோகம் இல்லாத உறுப்புக்கு உடம்பு செலவு செய்வதில்லை. கணக்கில் அத்தனை கண்டிப்பு.

"இது ஒட்டுண்ணிதானே? வீட்டுக்காரர் சாப்பாட்டைத் திருடுகிறதே?" என்று கேட்பீர்கள். இதில் விஞ்ஞானிகள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை. கூடத்தில் இருப்பவள் பெரும்பாலும் வீட்டுக்காரரின் சதையைத் தொடுவதில்லை. பந்தியில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். ஒரே கடல் பீச்சானுக்குள் இரண்டு மூன்று இனத்துத் துடுப்புக்காலிகள் கூட சேர்ந்து வாழ்வதுண்டு. வீட்டுக்காரரும் சல்லடையை ஆட்டிக் கொண்டு பாட்டுக்கு இருக்கிறார். குடலுக்குள் போனவர்களைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது.

கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து...

இவ்வளவு வசதியான வீட்டில் ஒரே ஒரு வசதி மட்டும் இல்லை. குழந்தைகளை இங்கேயே வைத்துக் கொள்ள முடியாது.

அந்த வீடு என்றைக்கும் நிற்கப் போவதில்லை. கடல் பீச்சானுக்கும் ஆயுள் உண்டு. அது செத்தால் குடித்தனமும் போயிற்று. ஆகையால் ஒவ்வொரு தலைமுறையும் புது வீடு தேடித்தான் ஆக வேண்டும். முட்டைகள் முதுகறையில் முதிர்ந்ததும், நாப்ளியஸ் என்ற குஞ்சுகள் வெளிக்குழாயின் நீரோட்டத்தோடு கடலுக்குப் போகின்றன. நாப்ளியஸுக்கு மூன்று ஜோடிக் கால்கள், ஒரு கண். தாய் எந்தத் துடுப்பை இழந்தாளோ அந்தத் துடுப்பு குஞ்சுக்குக் குறைவில்லாமல் இருக்கிறது!

சாப்பாடு? தாய் யோசித்து வைத்திருக்கிறாள். இந்தக் குஞ்சுகள் கடலில் இரை தேடி அலைவதில்லை. முட்டையில் அவள் நிரப்பி வைத்த மஞ்சள் கருவே வழிச் சாப்பாடு. அந்தக் கட்டுச்சோறு தீருவதற்குள் சில தடவை சட்டையை உரித்து, உருவம் மாறி, நன்றாக நீந்தும் நிலைக்கு வந்து, இத்தனை பெரிய கடலில் தனக்கு ஏற்ற ஒரு கடல் பீச்சானைக் கண்டுபிடித்து, அதன் வாய்க்குள் நுழைந்து விட வேண்டும். நுழைந்த பிறகுதான் துடுப்பு மங்கும், முதுகு உப்பும். கண்டுபிடிக்காதவை பிழைப்பதில்லை. பெரும்பாலானவை கண்டுபிடிப்பதில்லை. தாயின் முதுகு அத்தனை பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த யாத்திரையைப் படிப்படியாகப் பார்த்துப் பதிவு செய்தவர் ஒரு பெண்மணி. பட்ரீஷியா டட்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி. நியூயார்க்கில் உள்ள பார்னார்டு பெண்கள் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர். கடுகைவிடச் சிறிய குஞ்சுகளை வளர்த்து, ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் எந்தக் காலில் எந்த மயிர் புதிதாக முளைக்கிறது என்று வரைந்து, 1966-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். பிறகு நம் டோரோபைகஸின் அந்தச் சிறு கண்ணையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். எள்ளளவு பிராணியின் நெற்றிக் கண்ணுக்கு இவ்வளவு பொறுமையைச் செலவழித்தவரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

இன்னொரு பெண்மணியையும் சொல்லாமல் இருக்க முடியாது. பிரான்சு தேசத்தின் பிரான்சுவாஸ் மொன்னியோ. கணவர் கிளோட் மொன்னியோவும் அவரும் வாழ்நாள் முழுவதும் உலகக் கடல்களின் கடல் பீச்சான்களைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள். வீட்டை ஆராய்ந்தபோது உள்ளிருந்த குடித்தனக்காரர்களை எறிந்து விடாமல், பாட்டில்களில் பத்திரப்படுத்தினார்கள். அந்தச் சேகரிப்பை வைத்துக் கொண்டு கொரிய விஞ்ஞானி இல்-ஹோய் கிம்மும், இங்கிலாந்தின் பாக்ஸ்ஹாலும் 2020-ல் இந்த ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் ஒரு மாபெரும் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அதுவரை பெயரே இல்லாத எத்தனையோ இனங்களுக்கு அப்போதுதான் பெயர் கிடைத்தது. நம் மன்னார் வளைகுடாவில் கடல் பீச்சான்களுக்குக் குறைவில்லை. துறைமுகத் தூண்களிலும் படகுகளின் அடியிலும் ஒட்டிக் கொண்டு தொல்லை தருகிறது என்று சுரண்டித்தான் எறிகிறோம். மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சுரண்டி எறிவதற்கு முன்னால் ஒன்றைத் திறந்து, கூடத்துக்குள் எட்டிப் பார்க்க ஒரு கத்தரிக்கோலும் பூதக்கண்ணாடியும் போதும்.

நமக்கு என்ன?

இந்தப் பிராணியைப் பார்த்து நாம் பாடம் படிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு இஷ்டம் என்று ஒன்று கிடையாது. உள்ளே நுழைந்தால் துடுப்பு மங்கியே தீரும். மனிதருக்கு அப்படி இல்லை. சுங்குவார்சத்திரத்து விடுதி அறையில் இரும்புக் கட்டிலும் டிரங்குப் பெட்டியுமாகத் தங்கியிருக்கும் பெண், வேலை நேரம் போக மீதி நேரத்தில் தபால் மூலம் பட்டப்படிப்புப் படிக்கலாம், தையல் கற்கலாம், தோழிகளோடு காஞ்சிபுரம் போய்க் கோவில் பார்த்து வரலாம். எந்தத் துடுப்பை மடக்குவது, எதை வைத்துக் கொள்வது என்பது அவள் கையில் இருக்கிறது. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் மடக்கி வைக்கச் சொல்லாமல் இருப்பது, வீட்டில் இருக்கும் நம் கையில் இருக்கிறது.

மற்றபடி, தான் ஒரு நாளும் திரும்பிப் போகப் போகாத கடலுக்குள், முகம் தெரியாத ஒரு வீட்டை நம்பி, வழிச் சாப்பாட்டையும் ஒரு கண்ணையும் மூன்று ஜோடித் துடுப்பையும் கொடுத்துக் குழந்தைகளை அனுப்பி வைக்கிறாள் அந்த எள்ளளவுத் தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறும் மகளுக்கு வாழை இலையில் புளியோதரை கட்டிக் கொடுக்கும் கைகளுக்கு இது புதிய சமாசாரமாகத் தோன்றாது.